விருந்தாளி வந்தால் நிற்கும் ரயில்

வீட்டில் மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். யாரும் பார்க்காத ராத்திரி பதினோரு மணிக்கு ரயில் எக்ஸ்பிரஸ் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். மறுநாள் சித்தப்பா குடும்பத்தோடு வந்து, "எங்கே, ஓட்டிக் காட்டு பார்க்கலாம்" என்றதும் இன்ஜின் நாலு அங்குலம் நகரும், விளக்கு ஒருமுறை மினுக்கும், அப்படியே நின்றுவிடும். "பேட்டரி தீர்ந்திருக்கும், பாவம்" என்பார் சித்தி. இதில் பேட்டரியே கிடையாது என்று விளக்க ஆரம்பிப்பதற்குள் காபி வந்துவிடும்.

கண் திருஷ்டியெல்லாம் இல்லை, அழுக்குதான். 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகிறது. சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடமோ கடுகில் பாதிகூட இருக்காது. ஒரு வாரம் ஓட்டாமல் விட்டால் தாளிப்புப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, மின்விசிறி இறக்கும் தூசி எல்லாம் அங்கே படிந்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி, பலமுறை துவைத்த பழைய பனியன் துணியில் நனைத்துத் தண்டவாளத்தின் மேல்பக்கத்தைத் துடைத்தால் போதும். பஞ்சு வேண்டாம். அதன் இழை அச்சில் சுற்றிக்கொள்ளும். சக்கரத்துக்கு ஒரு சுலபமான வழி உண்டு. அதே ஆல்கஹால் துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, இன்ஜினின் பாதிச் சக்கரங்கள் துணியிலும் மீதி வெறும் தண்டவாளத்திலும் நிற்கும்படி பிடித்துக்கொண்டு, கன்ட்ரோலரைப் பாதி திருகுங்கள். துணியில் கறுப்புக் கோடுகள் விழும். அப்புறம் இன்ஜினைத் திருப்பி வைத்து மறுபாதி.

உதவி செய்ய வருகிற உறவினர் யாராவது இந்த நேரத்தில் அடுக்களையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரோடு வருவார். தடுத்துவிடுங்கள். அது போடும் நுண்ணிய கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாக ஒட்டும். உதிரும் இரும்புத் துணுக்குகளை மோட்டார் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மோட்டார் போனால் அவரிடம் கேட்கவா முடியும்?

துடைத்த பிறகும் மேசையின் தூரத்து மூலையில் மட்டும் ரயில் தளர்ந்து நடந்தால் இன்ஜினைத் திட்டாதீர்கள். தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகள் தளர்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் வோல்டேஜ் குறைகிறது. ஒரு மீட்டருக்கு ஒரு ஜோடி ஒயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் சால்டர் செய்து, கன்ட்ரோலரிலிருந்து மேசைக்கு அடியில் ஓடும் மெயின் ஒயரில் சேர்த்துவிடுங்கள். உள்தண்டவாளத்துக்குச் சிவப்பு, வெளித்தண்டவாளத்துக்குக் கறுப்பு என்று வைத்துக்கொண்டால் பின்னால் தலை சுற்றாது. 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். இரண்டு பக்கமும் ஈரத்துணி வைத்துவிட்டு இரண்டு மூன்று நொடியில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டை உருகும்.

நிற்பது ஒரு வியாதி, தடம் புரள்வது வேறு வியாதி. எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் விழுந்தால் குற்றவாளி தண்டவாளம். ஒரே பெட்டி எல்லா இடத்திலும் விழுந்தால் குற்றவாளி பெட்டி. பெரும்பாலும் அதற்கு எடை போதாது. எச்.ஓ. அளவுக்கு, அதாவது நிஜத்தை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாடலுக்கு, 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம் என்பது கணக்கு. அப்படிச் சுருக்கினால் நம் ரயில்களின் ஐ.சி.எஃப். வகைப் பயணிகள் பெட்டி 245 மில்லிமீட்டர் நீளம் வரும், ஆகவே சுமார் 165 கிராம் இருக்க வேண்டும். குறைந்தால் வாஷர்களைத் தரையோடு ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் வளைவில் சாயும்.

வளைவு இன்னொரு தகராறு. நீளமான பெட்டியின் மூன்று மடங்காவது ஆரம் வேண்டும் என்பார்கள். ஐ.சி.எஃப். பெட்டிக்கு அது 735 மில்லிமீட்டர். கடையில் விற்கும் எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டில் 550-க்கு மேல் போக முடியாது. ஓடாமல் போகாது, ஆனால் பெட்டியின் வயிறு வளைவின் உள்பக்கம் பிதுங்கி, பிளாட்பாரத்தில் நீங்கள் ஆசையாக ஒட்டிய டீக்கடையைப் பெயர்த்துக்கொண்டு போகும். டீக்கடையைத் தள்ளி வைப்பதுதான் ஒரே வழி.

ரயில்வேயில் ரிட்டையரான பெரியப்பா வந்தால் கதை வேறு. குனிந்து பார்த்துவிட்டு, "கேஜ் குறையுதேப்பா" என்பார். அவர் சொல்வது சரிதான். கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. நம் அகலப்பாதையில் அது 1676 மில்லிமீட்டர், அதை 87-ஆல் வகுத்தால் 19.3. கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5, அது 1435 மில்லிமீட்டர் பாதைக்கானது. "ஆமாம் பெரியப்பா" என்று ஒப்புக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவது நல்லது.

குகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில் விழுந்தால் குகைக்குள்தான் விழும். பின்பக்கம் கை நுழைகிற அளவு ஓட்டை விட்டுக் கட்டுங்கள். ஓட்டும் முன் அதற்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். பல்லிக்கு அந்த இருட்டு ரொம்பப் பிடிக்கும். அதன் எச்சம் தண்டவாளத்தில் காய்ந்தால் ரயில் அதே இடத்தில்தான் நிற்கும்.

கடைசியில் கன்ட்ரோலர் குழந்தைகள் கைக்குப் போகும். அவர்களுக்கு வேகம் ஒன்றுதான், முழு வேகம். ரயில் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் அது நிஜத்தில் மணிக்கு 313 கிலோமீட்டருக்குச் சமம். 110 கிலோமீட்டர் வேகம் வேண்டுமென்றால் நொடிக்கு 35 சென்டிமீட்டர் போதும். எட்டுக்கு நாலு மேசையில் ஒரு சுற்று ஐந்தே முக்கால் மீட்டர் என்றால் பதினாறு நொடி. கையில் கடிகாரத்தோடு ஒரு சுற்றை அளந்து, கன்ட்ரோலர் குமிழில் அந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, "இதைத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகள் கேட்டுக்கொள்வார்கள். தாண்டுவது சித்தப்பாதான்.