இருவேல்பட்டைத் தேடி சேப்பாக்கத்துக்கு

எம்.ஃபில். ஆய்வுக்கு 1918-ல் வந்த ஒரு புத்தகம் தேவைப்பட்டது. கில்பர்ட் ஸ்லேட்டர் தொகுத்த 'சம் சவுத் இந்தியன் வில்லேஜஸ்'. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிற இருவேல்பட்டு அதில் வருகிறது என்று நெறியாளர் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஸ்லேட்டர் 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர். மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது கிராமத்தைக் கணக்கெடுத்து வரச் சொன்னார். தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம், இருவேல்பட்டு எல்லாம் அப்படித்தான் புத்தகத்துக்குள் வந்தன. பல்கலைக்கழகத்தின் பொருளாதார வரிசையில் இதுதான் முதல் நூல். இணையத்தில் ஸ்கேன் இருக்கிறது. ஆனாலும் அதை எழுத வைத்த பல்கலைக்கழகத்தின் நூலகத்திலேயே பார்க்க ஆசை.

நெறியாளரின் கடிதம், கல்லூரி அடையாள அட்டை, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு சேப்பாக்கம் போனேன். அனுமதி வாங்குவதில் சிரமம் இல்லை. தேடும்போதுதான் மாட்டிக்கொண்டேன். 'இருவேல்பட்டு' என்று நாம் சொல்கிறபடியே ஆங்கிலத்தில் எழுதித் தேடினேன். அன்று முழுக்க ஒன்றும் வரவில்லை.

மறுநாள் அங்கிருந்த அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "ஊர்ப் பேரை விடுங்க தம்பி, பாடத்தைப் பிடிங்க." நூல்களைப் பாடவாரியாக எழுத்தும் எண்ணும் கொடுத்து அடுக்குகிற கோலன் பகுப்பு முறையில் எக்ஸ் என்றால் பொருளாதாரம், ஒய் என்றால் சமூகவியல், 44 என்றால் இந்தியா. அந்த முறையை உருவாக்கிய எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-ல் இதே நூலகத்துக்குப் பொறுப்பேற்றவர், அதற்கு முன் கணித ஆசிரியர். எழுத்தும் எண்ணும் எங்கே போகின்றன என்று புரிந்ததும் அலமாரி வரிசை முழுக்க வரைபடம்போல ஆகிவிட்டது. கிராமம் பற்றிய நூல் என்றால் இரண்டு எழுத்துகளையும் பாருங்கள் என்றார் அந்த அம்மா. நூலகம் போகிறவர்கள் முதல் அரை மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள், பிறகு நாள் கணக்கில் மிச்சமாகும்.

புத்தகம் கைக்கு வந்தது. தாள் பழுப்பேறி, ஓரம் தொட்டால் உதிரும்போல இருந்தது. உள்ளே எங்கள் பக்கத்து ஊர் 'எருவெள்ளிப்பேட்' என்று இருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய காகிதங்களில் தேடுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது: அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல் தெரியாவிட்டால் சொந்த ஊரே கண்ணில் படாது.

கொஞ்சம் தள்ளி 'படியாள்' என்ற சொல் ஆங்கில எழுத்தில் வந்தது. எங்கள் பாட்டி வாயால் மட்டுமே நான் கேட்ட சொல். கடனுக்காக ஒரு வீட்டில் கட்டுப்பட்டு, தானியத்தைக் கூலியாக அளந்து வாங்கியவர்கள். தாத்தா பற்றிப் பேச்சு வந்தால் பாட்டி குரலைத் தாழ்த்திச் சொல்வார். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நகல் எடுக்க மனம் வரவில்லை, தாள் ஒடிந்துவிடும். நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். எல்லாம் சேர்த்து மூன்று நாள் ஆனது.

இதே கிராமங்களுக்கு 1936-37-ல் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் மறுபடி போய், 1940-ல் மறு ஆய்வை வெளியிட்டார்கள். படியாள்கள் இருபது வருஷத்தில் என்ன ஆனார்கள் என்று அதில்தான் பார்க்க வேண்டும். நான்காம் நாள் காலை அதற்குச் சீட்டு எழுதினேன். ஊர்ப் பெயரை ஸ்லேட்டர் எழுதியபடியே.