கீழ்க் கடைவாய்ப் பல்

ஜூன் 3, செவ்வாய்

இரவு முழுக்க மகளுக்குப் பல்லுக்கொதி. கராம்பு வைத்தால் எரியுது என்று துப்பிவிட்டாள். பரசிற்றமோல் பாணி குடித்த பிறகு விடியப்புறம்தான் கண்ணயர்ந்தாள். விழுகிற பல்லுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று மாமி கேட்கிறார். அந்தப் பால்பல் தானாக விழப் பத்து, பதினொரு வயதாகும். இவளுக்கு இப்போதுதான் ஆறு.

ஜூன் 4

டொக்டரிட்டப் போவம் என்றதும் கட்டிலுக்குக் கீழே பூந்துகொண்டாள். போன வருசம் அந்த இடத்தில் கையையும் காலையும் அமத்திப் பிடித்தார்களே, அது ஒன்றும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மத்தியானம் சோறு தீத்தும்போது மாமி சொல்கிறார், "வாயைத் திற, இல்லாட்டி டொக்டர் பெரிய ஊசி போடுவார்." மாமி மட்டுமா? கடைக்குப் போனால் கடைக்காரர், ஓட்டோவில் ஏறினால் ஓட்டோக்காரர், கோயிலில் பக்கத்தில் இருக்கிற யாரோ ஒரு ஆச்சி, எல்லாருக்கும் பிள்ளையை அடக்க ஊசிதான் கைக்கு வருகிறது, பிள்ளை நடக்கத் தொடங்கின நாளிலிருந்து ஊசி என்றால் தண்டனை என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, பிறகு ஒரு நாள் அதே பிள்ளையைக் கதிரையில் ஏற்றி வாயைத் திற, பயப்பிடாதை என்றால் அது என்ன செய்யும்? அவள் குழப்படி இல்லை. தனக்குத் தண்டனை வரப்போகிறது என்று நம்புகிறாள், அவ்வளவுதான். இரவு மாமியோடு இருந்து கதைத்தேன். கோபப்படாமல் கேட்டார். இனிச் சொல்ல மாட்டாராம்.

ஜூன் 9, திங்கள்

பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். 3 வயதிலிருந்து 13 வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு அங்கேயே இலவசமாகப் பார்ப்பார்கள், கொழும்புக்குப் பக்கத்து மகரகமவில் இதற்கென்றே படித்து வந்தவர்கள். பிள்ளைகள் 'பல்லு மிஸ்' என்கிறார்கள்.

மிஸ் முதலில் வாயைப் பார்க்கவேயில்லை! கதிரையை மேலும் கீழும் ஏற்றி இறக்கிக் காட்டினார். கண்ணாடியை இவள் கையில் கொடுத்து, என்ரை பல்லை எண்ணு பாப்பம் என்றார். காற்று அடிக்கிற குழாயை இவளின் நகத்தில் பிடித்து, இதுதான் பல்லுக்கும் வரும் என்றார். பிறகுதான் வாய். மெல்லத் துப்புரவாக்கி, கொதிக்கிற பல்லில் மருந்து வைத்து இப்போதைக்கு அடைத்துவிட்டார்.

இரவு போனில் தேடி வாசித்தேன். சொல்லு, காட்டு, செய். அடெல்ஸ்டன் என்பவர் 1959-இலேயே எழுதிவைத்த முறையாம். இவ்வளவு எளிய விசயம், எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஜூன் 10

போயா, பௌர்ணமி விடுமுறை. கிளினிக் பூட்டு. பனங்கட்டி கேட்டாள், சாப்பாட்டோடு மட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 11

தேத்தண்ணிக் கரண்டியை வைத்துக்கொண்டு அப்பப்பாவின் பல்லை எண்ணுகிறாள். "ஆவெண்டுங்கோ, ஒண்டும் நோகாது." நோகாது என்பதைத்தான் சொல்லக் கூடாது என்றார் மிஸ். அந்தச் சொல்லில் பிள்ளைக்கு நோவு மட்டும்தான் கேட்குமாம். அப்புறம் உண்மையிலேயே கொஞ்சம் நொந்துவிட்டால் எங்களை நம்பாது.

ஜூன் 13, வெள்ளி

மேல்பல்லில் இருந்த இன்னொரு சூத்தையை அடைத்தாயிற்று. சுலபமானதை முதலில் செய்தால் பிள்ளைக்குக் கதிரை பழகும் என்று மிஸ்தான் அப்படி ஒழுங்கு பண்ணினார். ஊசியும் இல்லை, துளைக்கிற மெசினும் இல்லை, கையாலேயே சுரண்டி எடுத்துப் பசை மாதிரியான ஒன்றை வைத்து அமத்தினார். தன்சானியாவில் 80-களில் கரண்ட் இல்லாத ஊர்களுக்காகத் தொடங்கின முறை என்று பிறகு வாசித்தேன்.

ஆனால் நான் எழுத வந்தது கையைப் பற்றி. "இடது கையைத் தூக்கினா நான் நிப்பாட்டுவன்" என்று மிஸ் சொல்லியிருந்தார். இவள் தொடங்கினவுடனே தூக்கினாள். நிப்பாட்டினார். திரும்பவும் தூக்கினாள், அதற்கும் நிப்பாட்டினார், முகம் சுழிக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் தூக்கவேயில்லை. போன வருசம் அந்தக் கை இரண்டு பேரின் பிடிக்குள் இருந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்தது, வெளியில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்தால் அவளும் கலங்குவாள்.

ஜூன் 16, திங்கள்

கீழ்ப்பல் பிடுங்கத்தான் வேணும். சூத்தை நரம்பு வரை போய்விட்டது. எடுத்த பிறகு பின்னால் முளைக்கிற பெரிய பல் முன்னுக்குச் சாயாமல் கம்பி போட வேண்டிவரலாம், அதை டொக்டர் பார்த்துச் சொல்லவேணும். பிடுங்குவதென்றால் ஊசி. அதே ஊசி. இன்றைக்கே சொன்னால் புதன் வரை நித்திரை கொள்ளமாட்டாள், சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் இவ்வளவு நாளும் கட்டினது எல்லாம் போய்விடும். இவளின் அப்பா சொல்ல வேண்டாம் என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை. புதன் காலை சாப்பிட்ட பிறகு சொல்லுவேன். நாள் முழுக்கக் காத்திருந்து களைக்க விடாமல் முதல் ஆளாகப் போய்விடவேணும்.

ஜூன் 17

என்னால் நித்திரை கொள்ள முடியவில்லை.

ஜூன் 18, புதன்

சொன்னேன். "பல்லை விறைக்கப் பண்ணுற மருந்து, ஊசியாலதான் போடுவினம். கொஞ்சம் அமத்துற மாதிரி இருக்கும்." நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள், "நான் குழப்படி செய்தனானோ?"

இல்லையம்மா. இல்லை.

மிஸ் பல்முரசில் முதலில் களிம்பு பூசிக் கொஞ்ச நேரம் விட்டார், பிறகு மருந்தை மெல்ல மெல்ல ஏற்றினார். அழுதாள். என் விரலை நெரித்தாள். இடது கையை ஒருமுறை தூக்கினாள், நிப்பாட்டினார், பிறகு அவளாகவே வாயைத் திறந்தாள். பல் வந்துவிட்டது.

மாமி போனில், "அழுதவளே?" ஓம், அழுதவள். அழலாம்.

உதட்டு விறைப்பு விட இரண்டு, மூன்று மணித்தியாலம் எடுக்குமாம், அதுவரை கடித்துப் புண்ணாக்காமல் பார்க்கவேணும். இப்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று உதட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள், கடிக்கப்போகிறாள் போல, போகிறேன்