"முதலாளித்துவமா, பொதுவுடைமையா?" என்ற வினாவுக்கு விடை எழுதியபோது

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில்தான் கிறிஸ்தவ இயல் முதுகலைத் தேர்வுக்குப் படித்தேன். கிறிஸ்தவப் போதனை எந்தப் பொருளாதார முறையை ஆதரிக்கிறது என்ற வினா வந்ததும், நம்பிக்கை கொண்டோர் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்தனர் என்னும் திருத்தூதர் பணிகள் 2:44ஐக் காட்டி, பொதுவுடைமையைத்தான் என்று நான்கு பக்கம் எழுதினேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை.

பிழை எங்கே என்பது அதே நூலின் 5:4ஐப் படித்தபோது புரிந்தது. நிலத்தை விற்கும்முன் அது உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பணமும் உன் உரிமையில்தானே இருந்தது என்று, நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைத்துக்கொண்ட அனனியாவிடம் பேதுரு கேட்கிறார். அந்தப் பகிர்வை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உடனே தனிச்சொத்தின் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள்! லேவியர் 25இல், விற்ற நிலம் 50ஆம் ஆண்டில் பழைய குடும்பத்துக்கே திரும்புகிறது. நிலம் என்னுடையது என்று கடவுள் சொல்கிறார்.

திருத்தந்தையர் திருச்சபைக்கு எழுதும் போதனைக் கடிதங்களான சுற்றுமடல்களை ஆண்டோடு படியுங்கள். 1891இல் 13ஆம் லியோ எழுதிய 'ரேரும் நோவாரும்' சொத்துரிமையைக் காக்கிறது. கூடவே, தொழிலாளி சங்கம் சேரலாம் என்கிறது, முதலாளியும் தொழிலாளியும் ஒப்புக்கொண்ட கூலியே ஆனாலும் வயிற்றுக்குப் போதாவிட்டால் அது அநீதி என்கிறது. என்னைப் பொறுத்தவரை பாடத்தின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. 40 ஆண்டு கழித்து 1931இல் வந்த மடலுக்கு 'நாற்பதாம் ஆண்டு' என்றும், 1991இல் வந்ததற்கு 'நூறாம் ஆண்டு' என்றும் பொருள்படும் லத்தீன் பெயர்கள். ஆகவே 1891ஐ மட்டும் மனத்தில் நிறுத்தினால் போதும்.

1991 மடலின் 42ஆம் பத்தியைப் பலமுறை படித்தேன். முதலாளித்துவம்தான் வழியா என்று கேட்டுக்கொள்ளும் திருத்தந்தை 2ஆம் ஜான் பால், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கொள்கிறோம் என்று முதலில் பிரிக்கிறார். தொழில்முனைவையும் சந்தையையும் சொத்தையும் பொறுப்போடு ஏற்பது என்றால் ஆம். சட்டத்தின் வரம்புக்குள் நிற்காத சுதந்திரம் என்றால் இல்லை. விடைத்தாளிலும் இதே வரிசைதான் வேண்டும்: முதலில் சொல்லுக்குப் பொருள், பிறகு தீர்ப்பு. சமயத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வெபரைக் குறிப்பிட்டால், சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகள்தான் முதலாளித்துவத்தைப் பெற்றெடுத்தன என்று எழுதிவிடாதீர்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

காலையில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் தோட்டக்காரர் ஒரே கூலி கொடுக்கும் மத்தேயு 20இன் திராட்சைத் தோட்ட உவமை கண்டிப்பாகத் தேவைப்படும். அது விண்ணரசைப் பற்றியது. கூலிச் சட்டமாக விளக்கினால் மதிப்பெண் போகும். ஒருநாள் இரவு அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எஸ்டேட்டில் பழம் பறிப்பவர். ஒரு மணி நேரமே உழைத்தவனுக்கும் முழுக் கூலியா என்று நான் வியந்தபோது, ஏழாம் வசனத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். எங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று அந்த ஆட்களே அங்கே சொல்கிறார்கள். பறிப்பு முடிந்த மாதங்களில் நாமும் அப்படித்தானே இருக்கிறோம் என்றார்.

இரண்டாம் முறை எழுதியபோது, அந்த வசனத்தில்தான் விடையைத் தொடங்கினேன்.