இசை மேலிருந்து இறங்கும் கூடம்

பரோக், அதாவது 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கட்டடக்கலைப் பாணி, என்றாலே அளவுக்கு மீறிய அலங்காரம், பணத்திமிர் என்று ஒதுக்கிவிடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது கத்தானியாவில் இருக்கும் பிஸ்காரி அரண்மனையைத்தான்.

இத்தாலியின் சிசிலித் தீவில், எட்னா எரிமலையின் அடியில் இருக்கிற ஊர் கத்தானியா. 1669-இல் எரிமலைக் குழம்பு மதில் வரைக்கும் வந்து மோதியது. அந்தக் காயம் ஆறுவதற்குள் 1693 ஜனவரி நிலநடுக்கம் ஊரையே தரைமட்டமாக்கிவிட்டது. 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய கடலோர மதில் மட்டும் பெரும்பாலும் நின்றது. பத்தெர்னோ கஸ்தெல்லோ குடும்பத்தார், அதாவது பிஸ்காரி பிரபுக்கள், அரச அனுமதி வாங்கி அந்த மதில் மேலேயே தங்கள் மாளிகையை எழுப்பினார்கள். எல்லாம் விழுந்த ஊரில் விழாமல் நின்ற ஒன்றின்மேல் வீடு கட்டிக்கொண்டார்கள் என்று தெரிந்த பிறகு அந்த அலங்காரம் எதுவும் எனக்குத் திமிராகத் தெரியவில்லை, பிழைத்தவர்களின் சந்தோஷமாகத்தான் தெரிகிறது.

கடல் பக்கம் மொட்டைமாடியை ஒட்டி ஏழு சாளரங்கள். மெஸ்ஸினாவிலிருந்து வந்த சிற்பி அந்தோனினோ அமாத்தோவின் கைவேலை. கறுத்த சுவரில் வெள்ளைக் கல். ஒரே ஒரு சாளரத்தைக் கிட்டப் பார்த்தாலே போதும்: குண்டுக் குழந்தைகள், பழக்கொத்துகள், சுருண்டு மடியும் இலைகள் என்று உளி படாத இடம் ஒரு விரற்கடைகூட இல்லை, இருந்தும் நெரிசலாகத் தோன்றாது, ஏனென்றால் சுற்றியிருக்கும் கறுப்புச் சுவர் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறது. இப்போது இதற்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாலத்தின் வளைவுகள் வந்துவிட்டன. எனக்கு அது ஒரு வருத்தம்தான்.

தலைமுறை தலைமுறையாக வேலை நடந்து, ஐந்தாவது பிஸ்காரி பிரபு இஞ்ஞாத்சியோ காலத்தில், 1763-இல் திறப்புவிழா கண்டார்கள். அவர் அகழ்வாராய்ச்சியில் ஊறியவர், தோண்டியெடுத்த பழம்பொருள்களுக்காக மாளிகையிலேயே ஒரு அருங்காட்சியகம் வைத்தார். 1787-இல் ஜெர்மானியக் கவிஞர் கதே வந்தபோது அவர் உயிரோடு இல்லை, முந்தைய வருஷம்தான் காலமாகியிருந்தார்.

முற்றத்தில் இரண்டு கைகளால் அணைப்பதுபோல இருபுறமும் வளைந்து ஏறும் பெரிய படிக்கட்டு இருக்கிறது, சரி, அது பல மாளிகைகளில் உண்டு. நடனக் கூடம் அப்படியில்லை. கண்ணாடிகள், சுதை வேலை, சுவரோவியங்கள் என்று முழுக்க ரொகோகோ பாணி, பரோக்கின் பிற்கால, இன்னும் மென்மையான வடிவம். நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை முட்டை வடிவில் திறந்து, அதற்கும் மேலே ஒரு சின்னக் கவிமாடம் தெரிகிறது. அதன் உட்புறம் குடும்பத்தின் புகழைப் பாடும் ஓவியம். வாத்தியக்காரர்கள் அந்தத் திறப்பைச் சுற்றி உட்கார்ந்துதான் வாசித்தார்கள். ஆடுகிறவர்களுக்கு இசை பக்கத்திலிருந்து வராது, தலைக்கு மேலே ஓவிய வானத்திலிருந்து இறங்கும். கட்டடமே ஒரு வாத்தியம் மாதிரி.

அப்புறம், அந்த மாடத்துக்கு ஏறும் வழி. கடலைப் பார்த்த நீண்ட கூடத்துக்குள், வெள்ளைச் சுதை நுரையாகப் பொங்கிச் சுழன்றுகொண்டு மேலே போகும் ஒரு படிக்கட்டு. என் கண்ணுக்கு அந்த வீட்டிலேயே அழகான இடம் அதுதான். வயலினைத் தூக்கிக்கொண்டு வாசிக்கப் போனவர்கள் ஏறிய படி.