குடும்பக் குரூப்பில் ஒரு தேர்தல் காலம்: நாட்குறிப்பு

16 மார்ச் 2024, சனி

இன்று பிற்பகல் நாடாளுமன்றத் தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஏப்ரல் 19 ஒரே நாளில் வாக்குப்பதிவு, எண்ணிக்கை ஜூன் 4. இன்றிலிருந்து 80 நாள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு ஏதாவது விதி போடுவதாக இருந்தால் இந்த வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும். சண்டை வந்த பிறகு போடும் விதி யாரோ ஒருவரைக் குறிவைத்துப் போட்டதாகவே தெரியும்.

"இங்கே அரசியல் பேசாதீங்க" என்ற விதி எந்தக் குடும்பத்திலும் நிற்பதில்லை. அவரவருக்கு அடுத்தவர் போடுவதுதான் அரசியல். கோயில் நிலம் பற்றிய வீடியோ மாமாவுக்குப் பக்தி, மருமகளுக்குப் பிரச்சாரம். பெரியார் படம் ஒருவருக்கு நன்றிக்கடன், இன்னொருவருக்குச் சாமியைப் பழிப்பது. எது அரசியல் என்பதே அடுத்த சண்டையாகிவிடும். அதனால் விதியைப் பொருளின் மேல் வைக்காமல் வடிவத்தின் மேல் வைப்பது நல்லது: ஃபார்வர்டு வேண்டாம், சொந்தக் கருத்தைச் சொந்த வார்த்தையில் எழுதலாம். ஃபார்வர்டுக்கு இரண்டு தட்டு போதும். நாலு வரி எழுத உட்கார்ந்தால் பாதிக் கோபம் எழுதும்போதே இறங்கிவிடும். படிக்கிறவர்களும் முகம் தெரியாத ஒருவனின் வசனத்துக்குப் பதில் சொல்லாமல் பெரியப்பாவுக்குப் பதில் சொல்வார்கள்.

வாசகம் இப்படி இருக்கலாம்: "ஜூன் 4 வரைக்கும் நம்ம குரூப்பில் கட்சி, மதம் பற்றிய ஃபார்வர்டு வேண்டாம். சொல்ல நினைப்பதை நாமே எழுதுவோம். யாரையாவது கேட்க வேண்டியிருந்தால் போன் போட்டுக் கேட்டுக்கொள்வோம்." கடைசித் தேதி இருப்பது முக்கியம். காலவரையறை உள்ள கட்டுப்பாட்டுக்குப் பெரியவர்களும் இணங்குவார்கள். இதை அனுப்ப வேண்டியவர் குடும்பத்தில் மூத்தவர். அவருக்கு டைப் செய்ய வராது என்றால் குரல் பதிவாகவே போடட்டும். இதே வார்த்தைகளைக் கல்லூரியில் படிக்கும் பையன் போட்டால் அன்று மாலையே முதல் ஃபார்வர்டு வந்து விழும்.

வாதம் செய்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்குத் தனியாகத் "திண்ணை" என்று ஒரு குரூப். யாரையும் நேராகச் சேர்க்காமல், அழைப்பு லிங்க்கை ஒரே ஒரு முறை போட்டுவிட்டு, விருப்பப்பட்டவர் வரட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

21 மார்ச், வியாழன்

விதி போட்டாலும் ஃபார்வர்டு வரத்தான் செய்யும். வந்தால் என்ன செய்வது என்பதில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. குரூப்பிலேயே, அதுவும் சம்பந்தி வீட்டார் பார்க்க, "இது பொய் சித்தப்பா" என்று லிங்க் போடுவது பெரிய பிழை. 58 வயதுக்காரர் தம்பி மகன் முன்னால் பின்வாங்க மாட்டார். பொய் என்று தெரிந்த பிறகும் அதைத் தாங்கிப் பேசத் தொடங்குவார். அந்த நேரத்தில் அவர் காப்பாற்றுவது தன் மரியாதையை.

திருத்தம் அனுப்பியவர் கையாலேயே நடக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அதற்கு வழி இருக்கிறது. அனுப்பியவர் தன் செய்தியை எல்லோருக்குமாக நீக்க 2 நாளும் 12 மணி நேரமும் அவகாசம் உண்டு. அவர் நீக்கினால் செய்தி நீக்கப்பட்டது என்ற ஒரு வரிதான் மிஞ்சும், பாதிப் பேர் கவனிக்கக்கூட மாட்டார்கள். அட்மின் நீக்கினாலோ, எந்த அட்மின் நீக்கினார் என்று பெயரோடு எல்லோர் திரையிலும் நிற்கும். அது நடுக்கூடத்தில் வைத்துக் கையிலிருந்து பிடுங்குவது போல.

ஆக, நம் கையில் இருப்பது இரண்டரை நாள். முதல் நாள் ஒன்றும் செய்ய வேண்டாம், பெருவிரல் ரியாக்‌ஷனும் வேண்டாம். அதை அவர் ஆமோதிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார். மறுநாள் தனியாக அழைத்து, உடம்பு எப்படி இருக்கு, மாத்திரை ஒழுங்காகப் போடுறீங்களா என்று விசாரித்துவிட்டு, "அந்த வீடியோ எங்கிருந்து வந்தது சித்தப்பா?" என்று கேட்கலாம். கேள்வி, அது வந்த வழியைப் பற்றியே இருக்க வேண்டும். இரட்டை அம்புக்குறி இருந்தால் அதைக் காட்டிச் சொல்லலாம்: குறைந்தது ஐந்து கை மாறி வந்தது, முதலில் எடுத்தவர் யாரென்று உங்களுக்கு அனுப்பியவருக்கும் தெரியாது. அதற்கு மேல் அழுத்த வேண்டாம். அன்றைக்கே நீக்காவிட்டாலும் அடுத்த ஃபார்வர்டுக்கு முன் கை சற்றுத் தயங்கும்.

28 மார்ச், வியாழன்

நாளை புனித வெள்ளி. கிறிஸ்தவ உறவினர் உள்ள குரூப்பில் நல்ல எண்ணத்தோடு பூங்கொத்துப் படமும் வாழ்த்தும் போய்விடும். அது இயேசு சிலுவையில் அறையப்பட்ட துக்க நாள், வாழ்த்து சொல்லும் நாள் இல்லை. உயிர்ப்புத் திருநாள் ஞாயிறன்று, மார்ச் 31, அன்றைக்கு வாழ்த்தலாம். யாராவது நாளைக்கே போட்டுவிட்டால் அந்த உறவினர் பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார். பக்கத்தில் இருப்பவர் தனியாகச் சொல்லித்தந்தால் போதும்.

1 ஏப்ரல், திங்கள்

நேற்றுப் பிரதமர் எக்ஸ் தளத்தில் கச்சத்தீவு பற்றிப் பதிவிட்டதிலிருந்து எல்லாக் குரூப்பிலும் அதே பேச்சு. பயிற்சிக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. ஒரே வாதத்துக்குள் மூன்று வேறு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன.

முதல் கேள்வி, என்ன நடந்தது. இதற்குக் காகிதத்தில் பதில் இருக்கிறது. சுமார் 285 ஏக்கர் தீவு. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டு, தீவை இலங்கைப் பக்கம் விட்ட உடன்படிக்கை, பிறகு 1976இல் பரிமாறிய கடிதங்கள். 1974இல் மத்தியில் காங்கிரஸ் ஆட்சி, மாநிலத்தில் தி.மு.க. ஆட்சி. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலத் தீவுக்குப் போய்வரலாம், பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது 5ஆவது பிரிவு. இவற்றில் யாரும் கட்சி பிரிய வேண்டியதில்லை. இரண்டாவது கேள்வி, யார் மேல் எவ்வளவு பழி. இது தீர்ப்பு, ஒரே ஆவணங்களைப் படித்த இருவர் வேறுபடலாம். மூன்றாவது, இன்று என்ன செய்ய வேண்டும், வலை போடும் மீனவருக்கு எது உதவும். ஆச்சரியமாக, எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் பாதி ஒத்துப்போகும் இடம் இதுதான்.

இரண்டாவது கேள்வியில் இருப்பவருக்கு முதல் கேள்வியின் ஆதாரத்தை எடுத்து நீட்டுவதால்தான் வாதம் நாள்கணக்கில் சுற்றுகிறது. நடுவில் ஒருவர் "நீங்க நடந்ததைச் சொல்றீங்களா, யார் தப்புன்னு சொல்றீங்களா?" என்று கேட்டால் வேகம் குறைந்துவிடும்.

5 ஏப்ரல், வெள்ளி

அந்த "சேலஞ்ச் ஓட்டு" ஃபார்வர்டு மறுபடி கிளம்பிவிட்டது. 2019லும் சுற்றியதுதான். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி வாக்களிக்கலாமாம். ஒரு சாவடியில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு பதிவானால் மறுவாக்குப்பதிவாம். பாதி உண்மை கலந்த செய்தியைத் திருத்துவதுதான் கடினம், அதனால் உண்மையான பாதியிலிருந்து தொடங்க வேண்டும். "டெண்டர் ஓட்டு நிஜம்தான் அத்தை. நம்ம ஓட்டை வேறொருத்தர் போட்டிருந்தால் 49P விதிப்படி வாக்குச்சீட்டில் போடலாம். ஆனால் பட்டியலில் பேர் இருக்கணும். அந்த 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை." சேலஞ்ச் என்பதோ வாக்காளருக்கு உரியதே இல்லை. வந்தவர் அவர்தானா என்று சந்தேகப்படும் கட்சி முகவர் 2 ரூபாய் கட்டி எழுப்பும் ஆட்சேபம் அது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று 1950க்கு அழைத்துக் கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அத்தைக்குக் கையில் ஒரு பயன் மிஞ்சும்.

நியூஸ் கார்டு இன்னொரு தொல்லை. தொலைக்காட்சி லோகோவோடு தலைவர் சொல்லாததைச் சொன்னதாக வரும். கார்டில் உள்ள தேதிக்கு அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் போய்த் தேட வேண்டும், அங்கே இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். பெரும்பாலும் எழுத்துருவே காட்டிக்கொடுக்கும். வீடியோ என்றால் நிறுத்தி, கடைப் பலகையின் மொழி, வண்டி எண், பேருந்தின் நிறம், காவலர் சீருடை பார்க்க வேண்டும். எந்த மாநிலம் என்று தெரிந்தாலே பல வீடியோக்கள் விழுந்துவிடும்.

தனியாகத்தான் பேச வேண்டும் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. குழந்தை கடத்தல், கலவரம், இன்ன மதத்தார் இன்னது செய்தார்கள் என்று ஆளை அடிக்கத் தூண்டும் செய்தி வந்தால் இரண்டரை நாள் கணக்கெல்லாம் கிடையாது. 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்கு வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்துகிறவர் என்று நினைத்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்த வாரங்களில் போன்களில் சுற்றியது இதே மாதிரியான குடும்பக் குரூப் ஃபார்வர்டுகள்தாம். இப்படிப்பட்டதற்கு உடனே, குரூப்பிலேயே, அனுப்பியவர் பெயரைச் சொல்லாமல் ஒரு வரி: "இது உறுதியாகவில்லை, யாரும் மேலே அனுப்ப வேண்டாம்." அட்மின் பெயர் தெரிந்தாலும் சரி, நீக்கிவிட வேண்டும். சட்டமும் இருக்கிறது. 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் வழக்கில், "நான் ஃபார்வர்டுதான் செய்தேன்" என்ற வாதத்தை ஏற்கவில்லை. எய்த அம்பு போல, அனுப்பியவர் விளைவுக்குப் பொறுப்பு என்றது.

9 ஏப்ரல், செவ்வாய்

நேரத்தையும் கவனிக்க வேண்டும். டொராண்டோ இப்போது நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக எழுதுகிறவருக்கு, இங்கே இரவு பத்தரைக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் பதில் போடுகிறார். இரவு பத்துக்கு மேல் வந்ததற்குக் காலையில்தான் பதில். கோபத்தில் எழுதி அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் உண்டு, அது போதாது. குறிப்பு செயலியில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கலாம். குரூப்பைச் சத்தமில்லாமல் வைக்க 8 மணி நேரம் என்ற தேர்வு இருக்கிறது, ஓர் இரவுக்குச் சரியாக இருக்கும்.

14 ஏப்ரல், ஞாயிறு

சித்திரை ஒன்று. வாழ்த்தோடு சண்டையும் வரும் நாள். 2008இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று மாநில அரசு சட்டம் போட்டது, 2011இல் அடுத்த அரசு அதை நீக்கியது. அதிலிருந்து வாழ்த்து சொல்வதே கட்சி சொல்வதாக ஆகிவிட்டது. ஒருவர் மாங்காய்ப் பச்சடிப் படத்தோடு "புத்தாண்டு வாழ்த்துகள்" போட, இன்னொருவர் "தை ஒன்றுதான் நம் புத்தாண்டு" என்று அடியில் எழுதுவார்.

இங்கே சரிபார்க்க ஒன்றும் இல்லை. பாட்டி கனி பார்த்த நாள் ஒருவருக்கு, தன்மான உணர்வு இன்னொருவருக்கு. இரண்டும் சொந்தம். செய்யக்கூடியது ஒன்றுதான்: வாழ்த்துக்கு அடியில் வாதம் வைக்காமல் இருப்பது. தை பற்றிச் சொல்ல விரும்புகிறவருக்குத் தை இருக்கிறது, இல்லாவிட்டால் திண்ணை இருக்கிறது. வாழ்த்த மனமில்லாதவர் "பச்சடியில் வேப்பம்பூ போட்டீங்களா?" என்று கேட்கலாம். பொய்யாகவும் வாழ்த்தவில்லை, புண்படுத்தவும் இல்லை. ரம்ஜான் வியாழனன்று முடிந்தது. அன்று வாழ்த்திய குரூப்பில் இன்றும் அதே ஆட்கள் வாழ்த்தினால், வாழ்த்தாதவர் யார் என்று எண்ணும் வேலையும் வேண்டாம்.

17 ஏப்ரல், புதன்

மாலை 6 மணியோடு பிரச்சாரம் ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை மை வைத்த விரல் படம் போடலாம், வெளியே வந்து எடுத்ததாக இருக்கட்டும். இந்தத் தேர்தலில் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் போன் கூடாது. "யாருக்குப் போட்டீங்க?" என்ற கேள்வியை விளையாட்டுக்கும் குரூப்பில் எழுத வேண்டாம். ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் வேறு வேறு சின்னத்துக்குப் போட்டிருப்பார்கள்; ரகசிய வாக்கு வீட்டுக்குள்ளும் ரகசியமாகவே இருக்கட்டும்.

20 ஏப்ரல், சனி

தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு என்று நேற்று இரவு 7 மணிக்குச் சொன்னது 72.09 சதவீதம். பிறகு அது 69.46 என்றானது. "ஓட்டு எங்கே போச்சு?" என்று இரு பக்கத்தாரும் கேட்கிறார்கள், இதில் மட்டும் ஒற்றுமை. இதற்குப் பதில் சொல்லும்போது "சும்மா வதந்தி" என்று தள்ளக் கூடாது. எண் மாறியது உண்மை, கேட்பது நியாயம். முதலில் வந்தது சில சாவடிகளிலிருந்து திரட்டிய மதிப்பீடு, முழுத் தொகுப்பு பின்னால் வரும். சாவடி வாரியான கணக்கு 17சி படிவத்தில் இருக்கிறது. வாக்குப்பதிவு முடியும்போது தலைமை அலுவலர் கையெழுத்திட்டு ஒவ்வொரு கட்சியின் முகவருக்கும் நகல் கொடுக்க வேண்டும். உறவினரில் யாராவது முகவராக இருந்தால், எந்தக் கட்சியாக இருந்தாலும், அவரையே கேட்கலாம். வெளியிலிருந்து வரும் லிங்க்கைவிடச் சொந்தக்காரர் கையில் இருக்கும் படிவத்துக்கு மதிப்பு அதிகம்.

3 ஜூன், திங்கள்

நாளை காலை 8 மணிக்கு எண்ணத் தொடங்குவார்கள். அட்மின் மட்டும் எழுதலாம் என்ற அமைப்பை நாளை ஒருநாள் போட்டுவைக்கலாம். இன்று மாலையே மூத்தவர் பெயரில் சொல்லிவிட்டுப் போட வேண்டும், சொல்லாமல் போட்டால் வாயைக் கட்டியதாகத்தான் படும். புதன் காலையில் திறந்துவிடவும் மறக்கக் கூடாது.

5 ஜூன், புதன்

தமிழ்நாட்டின் 39ம் ஒரே அணிக்கு, டெல்லியில் 293 இடங்களோடு ஆட்சி மறு அணிக்கு. ஒரே குடும்பத்தில் இரு பக்கத்தாரும் ஜெயித்திருக்கிறார்கள், இருவருக்கும் காயமும் இருக்கிறது. பட்டாசுப் படங்கள் இன்னும் இரண்டு நாள் வரும்.

இடையில் குரூப்பை விட்டுப் போனவர்களைக் கவனிக்கும் நேரம் இது. இப்போதெல்லாம் ஒருவர் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும். ஆனால் கடந்த 60 நாளில் போனவர்கள் பட்டியலைக் குரூப் விவரத்தின் அடியில் யாரும் பார்க்கலாம். ஏப்ரல் நடுவில் போனவர் பெயர் இந்த மாத நடுவில் அதிலிருந்து மறைந்துவிடும், அதற்குள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கேட்காமல் மறுபடி சேர்த்தால் உடனே திரும்பப் போவார். அவர் மதிக்கும் அத்தையோ பெரியம்மாவோ அழைக்கட்டும். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஆவணியில் ஏதாவது வரும், பத்திரிகையைத் தனியாக அனுப்பிவிட்டு, "தேதி மாறினால் குரூப்பில்தான் போடுவோம், உன்னைச் சேர்க்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலோர் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் பத்திரிகையோடு நிறுத்திக்கொண்டு, விசேஷத்துக்கு முதல் நாள் மறுபடி ஒருமுறை போன் செய்ய வேண்டும்.