காரைக்குடி வெயிலில் காங்கோ ரெட் தட்டு

பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கட்டும் படலமான பயோஃபிலிம் காரைக்குடிக்குப் புதிதல்ல. அந்தப் படலம் இரும்பை அரிப்பதை இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான செக்ரியிலும், படலம் கட்டவிடாமல் தடுக்கும் சேர்மங்களை அழகப்பா பல்கலைக்கழகத்திலும் நெடுங்காலமாக ஆராய்கிறார்கள். ஆனாலும் மே மாதத்தில் குடல் பாக்டீரியாவான ஈ.கோலையை, படலப் பொருளில் ஒட்டி நிறம் காட்டும் காங்கோ ரெட் சாயத் தட்டில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனித்தே ஆகவேண்டும். செய்முறையில் ‘அறை வெப்பநிலை’ என்று இருக்கும். எழுதியவர் நினைத்தது 25 டிகிரி. நம் அறையில் அப்போது 35 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

ஈ.கோலையின் கே-12 வகை ஆய்வகத் திரிபுகள் பலவும் 30 டிகிரிக்கு மேல் கர்லி என்னும் புரத இழையை நூற்பதைக் குறைத்துவிடும். காலனி வெளுத்திருந்தால் உடனே ஜீனைச் சந்தேகிக்காதீர்கள். குளிரூட்டும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டரில் 28 டிகிரி, 48 மணி நேரம் வையுங்கள்.

பாக்டீரியா வளரும் ஊடகம் லிட்டருக்கு: டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கிராம், அகர் 15 கிராம். உப்பு சேர்க்கவே கூடாது. வழக்கமான எல்பி ஊடகத்தின் உப்பே கர்லியை அடக்கிவிடும். ஆட்டோகிளேவ் முடிந்து கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் காங்கோ ரெட் 40 மில்லிகிராம், கூமாசி ப்ளூ என்னும் சாயம் 20 மில்லிகிராம் கலக்குங்கள். தட்டை நன்றாக உலரவிட்டு, இரவு வளர்த்த கல்ச்சரில் 5 மைக்ரோலிட்டர் சொட்டு வையுங்கள். ஈரம் இருந்தால் சொட்டு பரவி, ஓரம் மங்கிப்போகும்.

சிவந்து, காய்ந்து, சுருக்கம் விழுந்த காலனியில் கர்லியும் செல்லுலோசும் இருக்கின்றன. பழுப்பு நிறம் என்றால் கர்லி மட்டும். இளஞ்சிவப்பு என்றால் செல்லுலோஸ் மட்டும். கே-12 திரிபான எம்ஜி1655 பழுப்பாக வருவதைப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள்: செல்லுலோசுக்குத் தேவையான பிசிஎஸ்க்யூ ஜீனில் அதற்கு இயல்பாகவே ஒரு பழுது உண்டு.

உள்ளே நடப்பதுதான் அழகு. உணவு தீர்ந்து வளர்ச்சி தளரும்போது நெருக்கடிகால ஜீன்களை இயக்கும் ஆர்பிஓஎஸ் என்னும் புரதம் தலைதூக்கும். செல்லிலுள்ள ஜிடிபி மூலக்கூறுகள் இரண்டு சேர்ந்து சைக்ளிக்-டை-ஜிஎம்பி என்னும் சமிக்ஞை மூலக்கூறு உருவாகும். அதன் அளவு ஏறினால் நீந்தும் கசையிழை அடங்கி, கர்லி ஜீன்களை முடுக்கும் சிஎஸ்ஜிடி புரதம் விழித்து, கர்லி வெளியே நீளும். அளவு இறங்கினால் செல் மறுபடி நீந்தக் கிளம்பும். தங்குவதா, போவதா என்ற முடிவு இந்தச் சிறு மூலக்கூறின் கையில்.

நம் குடலும் சும்மா இருப்பதில்லை. கர்லி ஓர் அமிலாய்டு, அதாவது அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகிய புரத இழை. நுண்ணுயிரிகளை உணரும் நம் செல்களின் டிஎல்ஆர்2 ஏற்பி அதை அடையாளம் கண்டுகொள்ளும். பெருங்குடலின் உட்புறச் சளிப்படலம் பாக்டீரியாவைச் சுவரிலிருந்து தள்ளியே வைத்திருக்கும். எலிகளுக்கு நார்ச்சத்தை நிறுத்தினால் சில பாக்டீரியாக்கள் அந்தச் சளியையே தின்னத் தொடங்கி, படலம் மெலிகிறது. தவிடு நீங்காத கவுனி அரிசியைக் கல்யாணப் பலகாரத்தோடு நிறுத்தாமல் அடிக்கடி சமைக்கலாம் என்பது என் கருத்து. பித்த உப்போ வேறொரு குடல்வாசியான பாக்டீராய்ட்ஸ் தீட்டாஅயோடாமைக்ரானைப் படலம் கட்டவே தூண்டுகிறது.

ஆகவே 28 டிகிரித் தட்டை மட்டும் பார்த்துக் குடலைப் பற்றிப் பேசாதீர்கள். மனிதரிடமிருந்து பிரித்தெடுத்த ஈ.கோலை சில 37 டிகிரியிலும் கர்லி நூற்கும். அதைப் பார்க்க 37 டிகிரியில் இன்னொரு தட்டு வேண்டும். இரண்டுக்கும் சொட்டு ஒரே கல்ச்சரிலிருந்து, ஒரே வேளையில் போக வேண்டும்.