எங்கள் ஊரின் பெயர் அலைகளும் மகளுக்கு வைத்த பெயரும்

எங்கள் மகள் அனுஷ நட்சத்திரத்தில் பிறந்தாள். ஜோதிடர் ந, நி, நு, நே என்று நான்கு எழுத்துகளை எழுதிக் கொடுத்தார். அவற்றுள் ஒன்றில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்பது என் மாமியார் வீட்டாரின் விருப்பம். எனக்கோ பெயர்கள் மீது வேறொரு ஈடுபாடு பள்ளி நாட்களிலிருந்தே உண்டு. என் வகுப்பில் பிரியாக்கள் பலர் இருந்ததால் ஆசிரியர் ஒவ்வொருவரையும் இனிஷியல் சேர்த்தே அழைப்பார். என் அம்மாவின் வகுப்பில் அதே இடத்தில் செல்விகள் இருந்தார்களாம். ஒரு பெயர் எப்போது ஊருக்குள் வருகிறது, எப்படிப் பெருகுகிறது, எந்தத் தலைமுறையோடு நின்றுபோகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பது என் வழக்கம். எனவே சொந்த மகளுக்குப் பெயர் தேடும் பொறுப்பு வந்தபோது, அதை முறையாகவே செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இணையத்தில் 'இந்த ஆண்டின் புகழ்பெற்ற பெயர்கள்' என்று கிடைக்கும் பட்டியல்கள் எனக்கு உதவவில்லை. ஆரவ், விஹான், அனன்யா என்று இந்தியா முழுமைக்குமாகச் சொல்லும் அந்தப் பட்டியல்களில் எந்த ஊர், எத்தனை குழந்தைகள் என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. தென்காசியில் வளரப்போகும் குழந்தைக்கு அதனால் என்ன பயன்? அமெரிக்காவில் நிலைமை வேறு. அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880ஆம் ஆண்டு முதலான குழந்தைப் பெயர்களை எண்ணிக்கையோடு வெளியிடுகிறது. ஐந்து குழந்தைகளுக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயர்களை மட்டும் தனியுரிமை கருதி விட்டுவிடுகிறது. 1880இல் நூறு ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஜான் என்று பெயர். பெண்களில் மேரி என்ற பெயர் 1946 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்து, 1947இல் லிண்டாவுக்கு இடம் விட்டது. இன்று அங்கே முதலிடத்தில் இருக்கும் லியாம் என்ற பெயரோ நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. முதலிடத்துப் பெயரின் பங்கு இப்படிச் சுருங்கியிருப்பதைக் கண்டதும், நம் ஊரிலும் இதுதான் நடந்திருக்குமோ என்று அறிய மனம் பரபரத்தது. நம்மிடம் ஆண்டுதோறும் வெளிவரும் பெயர்ப் பட்டியல் இல்லை. ஆனால் வாக்காளர் பட்டியல் இருக்கிறது.

பாகம் பாகமாக வெளியிடப்படும் வாக்காளர் பட்டியலில் ஒவ்வொருவரின் பெயருடன் தந்தை அல்லது கணவரின் பெயரும் வயதும் அச்சாகியிருக்கும். வயதைக் கொண்டு பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுவிடலாம். குழந்தை உறங்கும் நேரங்களில் எங்கள் தெருவை உள்ளடக்கிய பாகத்தை எடுத்து, பெண்களின் பெயர்களைப் பத்தாண்டு வாரியாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். பிறகு பக்கத்துப் பாகங்களுக்கும் போனேன்.

எழுபது வயதைக் கடந்தவர்களின் பெயர்களைப் படித்தாலே ஊரின் கோயில்கள் கண்முன் வந்துவிடுகின்றன. உலகம்மாள் தென்காசிக் கோயிலின் அம்மன். கோமதி சங்கரன்கோவிலுக்கு உரியவள். குழல்வாய்மொழி குற்றாலநாதரின் தேவி. செண்பகம் குற்றால மலையின் செண்பகாதேவி. இவர்களோடு இசக்கியம்மாள், பேச்சியம்மாள், முப்பிடாதி ஆகிய குலதெய்வப் பெயர்கள். ஆண்களில் சுடலைமுத்து, மாடசாமி, சங்கரநாராயணன், குற்றாலிங்கம். பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களில் மைதீன் பாத்திமா, செய்யதலி பாத்திமா. பெயரைக் கேட்டதும் இவர் எந்த வட்டாரத்துக்காரர் என்று சொல்லிவிடக்கூடிய காலம் அது. இடையிடையே போஸ், நேரு, ஸ்டாலின் என்று அரசியல் பெயர்களும் தென்படுகின்றன. தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1ஆம் நாள், சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது அதே மார்ச் 5ஆம் நாள் என்பதை நினைத்தால், செய்தித்தாளும் வானொலியும் பெயர் வைத்த காலத்தை நன்றாக உணர முடிகிறது.

அடுத்த அடுக்கில் தமிழ் இயக்கத்தின் கை தெரிகிறது. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், அதன் பின் திராவிட இயக்கத் தலைவர்கள் தம் பெயர்களையே மாற்றிக்கொண்டு காட்டிய வழியும் வீடுகளுக்குள் வந்து சேரச் சில பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன. தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, தேன்மொழி, கனிமொழி, அருள்மொழி ஆகியோர் இந்த அடுக்கில்தான் நிறைந்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இங்கே காணப்படும் கலப்புப் பெயர்கள். மாரியம்மாளின் மகள் மாரிச்செல்வி. இசக்கியம்மாளின் பேத்தி இசக்கிப்பிரியா. குலதெய்வத்தையும் கைவிட மனமில்லை, காலத்தின் ஓசையும் வேண்டும் என்று எந்தத் தாயோ தகப்பனோ யோசித்துச் சேர்த்த அந்த இணைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். முப்பதுகளில் இருப்பவர்களிடம் பிரியா, திவ்யா, ரம்யா, நித்யா. இருபதைத் தொட்டவர்களிடம் ஹரிணி, தர்ஷினி, ஸ்ரீநிதி.

வாக்காளர் பட்டியல் பதினெட்டு வயதோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள குழந்தைகளை அறிய எனக்குக் கிடைத்த சான்று கல்யாணப் பத்திரிகைகள். எங்கள் ஆச்சி வீட்டில் வந்த பத்திரிகை எதையும் தூக்கி எறிவதில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் கொக்கிக் கம்பியில் குத்தி வைப்பார்கள், கம்பி நிறைந்ததும் கட்டாகக் கட்டிப் பரணுக்குப் போய்விடும். ஒவ்வொரு பத்திரிகையின் அடியிலும் 'தங்கள் வருகையை அன்புடன் எதிர்நோக்கும் மழலைகள்' என்று ஒரு வரியும், அதன் கீழே அந்த வீட்டுக் குழந்தைகளின் பெயர்களும் பொடி எழுத்தில் இருக்கும். மஞ்சள் தடவிய மூலைகளும் துருவேறிய துளையுமாக இருந்த அந்தக் கட்டுகளைப் பிரித்து ஆண்டு வாரியாக அடுக்கியபோது, வாக்காளர் பட்டியல் விட்ட இடத்திலிருந்து கதை தொடர்ந்தது. கவின், முகிலன், ரித்விக், தர்ஷன், யாழினி, கனிஷ்கா, தன்ஷிகா, ஆதிரா, நிலா.

இங்கேதான் நான் எதிர்பாராத ஒன்று புலப்பட்டது. பழைய அடுக்கில் ஒரே பெயர் பலருக்கு இருந்தது. ஒரு தெருவில் நான்கு இசக்கியம்மாள்கள் இருப்பது இயல்பு. புதிய அடுக்கில் முழுப் பெயர் பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை. மாறாக, ஓசைதான் மீண்டும் மீண்டும் வருகிறது. 'ஷிகா', 'இகா', 'ஷினி', 'த்ரா' என்ற முடிவுகளைத் தனியே குறித்துப் பார்த்தால், மழலைகள் வரியில் உள்ள பெண் குழந்தைகளில் பெரும்பகுதியினர் அவற்றுக்குள் அடங்கிவிடுகிறார்கள். யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று ஒவ்வொரு பெற்றோரும் தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடல் அனைவரையும் ஒரே ஓசையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. இதற்கு நட்சத்திர எழுத்தும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஓர் எழுத்தாக வகுத்த அந்த அட்டவணையில் ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ என்றும், பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட என்றும் வருகின்றன. டகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. அந்த நட்சத்திரத்தில் குழந்தை பெற்றவர்கள், எழுத்தை விடவும் முடியாமல், வேறு மொழிப் பெயரையோ புதிதாகக் கட்டிய பெயரையோதான் தேட வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு வாய்த்த 'ந' எழுத்து வரிசை அந்த வகையில் பெரும் நல்வாய்ப்பு. நிலா முதலில் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் மழலைகள் வரியில் அந்தப் பெயர் ஏறுமுகத்தில் இருப்பதை நோட்டைக் காட்டி விளக்கினேன். நித்திலா அழகான பெயர், எனினும் அதன் முடிவோசை நிலாவோடு சேர்ந்துவிடுகிறது. சங்கப் புலவர் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் நினைவாக நச்செள்ளை என்று வைக்க எனக்கு ஆசை இருந்தது. அதை உச்சரித்துப் பார்த்த என் கணவர், பள்ளியில் பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். அது நியாயமான கவலை என்பதால் விட்டுவிட்டேன்.

என் மாமியாருக்கோ தம் மாமியாரின் பெயரான கோமதி வர வேண்டும் என்ற எண்ணம் உள்ளூர இருந்தது. "நீ என்ன பேரு வச்சாலும் சரிம்மா, அதுல ஒரு அம்மன் இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் மூத்தோர் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, மருமகள் மாமனார் மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதற்காக அந்தப் பிள்ளையை ராசா என்றும் தங்கம் என்றும் காலமெல்லாம் அழைப்பதுண்டு. வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று வாழ்ந்தவர்கள் பலரை எனக்கே தெரியும். என் மகளுக்கு அப்படி வேண்டாம், வீட்டில் வாய் நிறையக் கூப்பிடும் பெயரே சான்றிதழிலும் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

விடை நோட்டிலேயே இருந்தது. முதல் அடுக்கில் குழல்வாய்மொழி, அடுத்த அடுக்கில் தேன்மொழி, கனிமொழி, அருள்மொழி. தலைமுறை மாறியும் தொடர்ந்து வந்த ஒரே முடிவு 'மொழி' என்பதையும், கடைசி அடுக்கில் அது அரிதாகிவிட்டதையும் கவனித்த அன்றே, 'நி'யில் தொடங்கும் நிறைமொழி என்ற பெயர் மனத்தில் வந்து அமர்ந்தது. 'நிறைமொழி மாந்தர் பெருமை' என்று 28ஆம் குறளில் வள்ளுவர் ஆண்ட சொல் அது. குற்றாலத்து அம்மன் பெயரின் பாதி அதில் இருக்கிறது என்று சொன்னதும் அத்தையின் முகம் மலர்ந்தது. தொட்டிலில் போட்ட நாளில் என் நாத்தனார் குழந்தையின் காதில் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னார்.

அடுத்து பதிவு. பிறந்த 21 நாட்களுக்குள் மருத்துவமனை வழியாகப் பிறப்பு பதிவாகிவிடுகிறது. பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். அவகாசம் இருக்கிறதே என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அன்றும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறந்த நாளுக்கும் பிறந்த இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகவே பெயர் உள்ள சான்றிதழை விரைவில் பெற்றுவிடுவது நல்லது. ஆங்கில எழுத்துக்கூட்டலை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு போனேன். எங்கள் சிக்கல் ழகரம். அதற்கு எல் போடுவோரும் உண்டு, இசட், எச் சேர்த்துப் போடுவோரும் உண்டு. இரண்டாவதையே தேர்ந்தேன். எண்கணிதத்துக்காக ஓர் எழுத்தைக் கூட்டலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னதை ஏற்கவில்லை. கணினியில் ஏற்றியவர் திரையைத் திருப்பிக் காட்டியபோது றகரம் ரகரமாக இருந்ததைக் கண்டு அங்கேயே திருத்தச் சொன்னேன். பதிந்த பெயரை மாற்றுவது எளிதன்று. பின்னாளில் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். எனவே திரையில் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பின்னரே சரி என்று சொல்லுங்கள்.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்கு ஏழாம் மாதம். அவள் புகுந்த வீட்டில் அங்காத்தாள், கருப்பாத்தாள், நாச்சிமுத்து, மருதாசலம் என்று முற்றிலும் வேறு அடுக்கு. அந்த வீட்டுப் பத்திரிகைக் கட்டைக் கேட்டிருக்கிறேன்; அவள் பாகத்தின் வாக்காளர் பட்டியலை ஏற்கெனவே படிக்கத் தொடங்கிவிட்டேன்.